தூக்கம், மன அழுத்தம், மணவாழ்வில் பெண்ணின் பாலியல் நலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் பலமுறை விழித்து, காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, பகல் முழுவதும் ஓய்வின்றி உழைக்கும் ஒரு பெண்ணுக்குத் தாம்பத்திய உறவில் நாட்டம் குறைந்தால், அவளுடைய அன்பைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. அவள் எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று கேட்பவர்கள் அரிது. தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணி, அவளே யாரிடமும் சொல்லாமல் வருந்துவதும் உண்டு. தூக்கத்தையும் மன அழுத்தத்தையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும், அந்த விசாரணையில் கணவருக்கும் சமமான பங்கு இருக்கிறது என்ற நம்பிக்கையோடு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்கள். நேரில் பரிசோதித்து மருத்துவர் சொல்லும் ஆலோசனைக்கு மாற்றாகா.

தூக்கம் குறைந்தால் பெண்ணின் பாலியல் நாட்டம் உண்மையிலேயே குறையுமா?

குறையக்கூடும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 171 இளம்பெண்கள் இரண்டு வாரங்கள் தங்கள் தூக்கத்தையும் பாலியல் விருப்பத்தையும் நாள்தோறும் பதிவு செய்தார்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகமாகத் தூங்கிய இரவுக்கு மறுநாள் அவர்களுக்கு விருப்பம் கூடியிருந்தது; துணையுடன் உறவு கொள்ளும் வாய்ப்பும் 14 விழுக்காடு உயர்ந்திருந்தது. அவர்கள் கல்லூரி மாணவியர் என்பதால், பிள்ளைகளும் பொறுப்புகளும் சூழ்ந்த மணவாழ்வுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது. ஆனாலும் நன்கு தூங்கிய உடலில் விருப்பம் எழ இடம் இருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டியது.

நடுத்தர வயதுப் பெண்கள் 3,400 பேருக்கு மேல் கலந்துகொண்ட மேயோ கிளினிக்கின் ஆய்வு 2021இல் வெளிவந்தது. தூக்கத்தின் தரம் மோசமாக இருந்த பெண்களிடம் பாலியல் சிக்கல்கள் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்ததை அது கண்டது. எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட, எவ்வளவு நன்றாகத் தூங்கினார்கள் என்பதே அங்கே பெரிதாக நின்றது. இந்தத் தொடர்பு இருபுறமும் செல்வது என்பதையும் மறக்கக் கூடாது. உறவில் ஏற்படும் வருத்தமும் வலியும் தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கம் மறுபடியும் உறவைக் கெடுக்கும்.

அப்படியானால் எவ்வளவு தூக்கம் தேவை?

வளர்ந்தவர்கள் நாள்தோறும் ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் ஒருமித்துப் பரிந்துரைத்தன. இடையிடையே கலைந்து கலைந்து கிடைக்கும் ஏழு மணி நேரமும், தொடர்ந்து கிடைக்கும் ஏழு மணி நேரமும் ஒன்றல்ல. படுக்கையில் இருந்த நேரத்தைக் கணக்கிட்டு “நன்றாகத்தானே தூங்கினாய்” என்று சொல்வது பல பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதி. காலையில் எழும்போது உடல் தெளிந்திருக்கிறதா, பகலில் கண் செருகாமல் இருக்க முடிகிறதா என்று கேட்பதே நியாயமான அளவுகோல்.

மன அழுத்தம் உடலுக்குள் என்னதான் செய்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி, ஆபத்தையோ நெருக்கடியையோ உணர்ந்தவுடன் பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, அவை கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. அதே ஹைபோதலாமஸ்தான் சினைப்பைகளை இயக்கும் ஆணைகளையும் பிறப்பிக்கிறது. நெருக்கடி நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால், இனப்பெருக்கத்துக்கான ஆணைகள் மங்கத் தொடங்குகின்றன. கடும் மன உளைச்சலில் சில பெண்களுக்கு மாதவிடாயே தள்ளிப்போவதற்கும் நின்றுபோவதற்கும் இதுதான் காரணம். பாலியல் நாட்டத்திலும் கிளர்ச்சியிலும் பங்குள்ள ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களும் இந்தக் குழப்பத்திலிருந்து தப்புவதில்லை.

கார்ட்டிசோலுக்கு என்று ஒரு தினசரி ஒழுங்கு உண்டு: விடியற்காலையில் ஏறி, எழுந்த சிறிது நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, இரவில் தாழ்ந்துவிடும். ஓயாத அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு மாலையிலும் இரவிலும் அது தாழ வேண்டிய அளவுக்குத் தாழாமல் போகலாம். உடல் களைத்துக் கிடக்கும்போதே மனம் மட்டும் விழித்துக்கொண்டு மறுநாள் வேலைகளைக் கணக்கிடும் அந்த நிலையை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் கணவரின் தொடுகை, இனிமையாகத் தோன்றாமல் இன்னொரு கடமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

எல்லா அழுத்தமும் தீங்கு செய்வதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மிதமான உடற்பயிற்சியும் உடலுக்கு ஒருவகை அழுத்தம்தான். ஆயினும் பயிற்சி முடிந்த சிறிது நேரத்தில் பெண்களின் பிறப்புறுப்பில் இரத்த ஓட்டம் எளிதாகக் கூடுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வந்து போகும் அழுத்தத்தை உடல் தாங்கிக்கொள்ளும். போகாமல் தங்கிவிடும் அழுத்தமே நாட்டத்தைத் தின்கிறது.

மனத்தில் விருப்பம் இருக்கிறது, ஆனால் உடல் ஒத்துழைப்பதில்லை. ஏன்?

பாலியல் கிளர்ச்சியின்போது பிறப்புறுப்பில் இரத்த ஓட்டம் கூடி, திசுக்கள் நெகிழ்ந்து, யோனியில் ஈரம் சுரக்க வேண்டும். இதற்கு நேரமும் வேண்டும், கவனமும் வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட அழுத்தம் மிகுந்த பெண்களுக்கு உடல் கிளர்ச்சி குறைவாக இருந்தது. அவர்களிடம் கார்ட்டிசோலும் அதிகமாக இருந்தது, கவனச் சிதறலும் அதிகமாக இருந்தது. இரண்டில் கிளர்ச்சிக் குறைவைத் தெளிவாக விளக்கியது கவனச் சிதறலே. படுக்கையில் இருந்தபடியே கட்ட வேண்டிய கட்டணத்தையும் குழந்தையின் இருமலையும் நினைத்துக்கொண்டிருக்கும் மனத்தால், உடலில் எழும் இன்ப உணர்வைக் கவனிக்க முடிவதில்லை.

ஆகவே முன்விளையாட்டுக்கு அதிக நேரம் கொடுப்பதும், கதவைத் தாழிட்டுத் தொலைபேசியை வேறு அறையில் வைப்பதும் சிறிய செயல்களாகத் தோன்றினாலும் உண்மையான பயன் தருபவை. ஈரம் போதவில்லை என்றால் நீரை அடிப்படையாகக் கொண்ட, வழுவழுப்பு தரும் லூப்ரிகண்ட் ஜெல்லைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அது அன்புக் குறைவின் அடையாளம் ஆகாது. ரப்பர் ஆணுறை பயன்படுத்துவோர் எண்ணெய் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் எண்ணெய் அந்த ரப்பரைப் பலவீனப்படுத்திவிடும்.

எனக்குத் தானாக ஆசை எழுவதே இல்லை. கணவர் நெருங்கி அன்பாக இருந்தால் பிறகு வருகிறது. இது குறைபாடா?

இல்லை. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கம் பல பெண்களுக்குப் பெரிய ஆறுதலைத் தந்தது. முதலில் ஆசை, பிறகு கிளர்ச்சி, பிறகு உச்சகட்டம் என்ற நேர்க்கோட்டு வரிசை எல்லாப் பெண்களுக்கும் பொருந்துவதில்லை என்றார் அவர். நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்கள் ஆசை இல்லாத, ஆனால் மறுப்பும் இல்லாத ஒரு நடுநிலையிலிருந்து தொடங்குகிறார்கள். நெருக்கமும் இதமான தொடுகையும் கிளர்ச்சியை எழுப்ப, ஆசை அதன் பின்னால் வந்து சேர்கிறது.

பாலியல் ஆய்வுக்கான அமெரிக்காவின் கின்ஸி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் பேங்க்ராஃப்ட், எரிக் ஜான்சென் ஆகியோர் வகுத்த இன்னொரு கோட்பாட்டின்படி, பாலியல் எழுச்சி என்பது தூண்டும் அமைப்பு ஒன்றும் தடுக்கும் அமைப்பு ஒன்றும் சேர்ந்து இயங்குவதன் விளைவு. வாகனத்தின் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் போல என்று இதை விளக்குவதுண்டு. தூக்கமின்மையும் கவலையும் பிரேக்கை அழுத்தியபடியே இருக்கும்போது, பரிசுகளாலும் புகழ்ச்சியாலும் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பயன் சிறிதே.

இந்த விளக்கத்தைத் தவறாகக் கையாள்பவர்களும் இருக்கிறார்கள். “தொடங்கினால் உனக்கு ஆசை வந்துவிடும்” என்று மனைவியை வற்புறுத்துவதற்கு இது சான்று ஆகாது. நடுநிலை வேறு, மறுப்பு வேறு. களைப்பினால் அவள் வேண்டாம் என்று சொன்னால், அந்த இரவு பேச்சு அங்கே முடிய வேண்டும்.

களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் கணவர் அதைச் சாக்கு என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

களைப்பு உடலில் நிகழும் உண்மை என்பதிலிருந்து தொடங்கலாம். 2007இல் வெளியான ஒரு மூளை ஆய்வில், ஓர் இரவு முழுவதும் தூங்காமல் இருந்தவர்களுக்கு மனத்தை உறுத்தும் படங்கள் காட்டப்பட்டபோது, உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி தூங்கியவர்களுக்கு இருந்ததைவிட 60 விழுக்காடு அதிகமாகக் கொந்தளித்தது. சாதாரணச் சொல்லும் தைப்பது, சிறு முகச்சுளிப்பும் வெறுப்பாகத் தெரிவது ஆகியவை தூக்கமற்ற மூளையின் இயல்பு. தம்பதியரை வைத்து கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வும், இருவரும் நன்கு தூங்கியிருந்தபோதுதான் சச்சரவுகள் நல்லபடியாகத் தீர்ந்தன என்று காட்டியது. ஒருவர் தூங்காவிட்டாலும் தீர்வு கடினமாயிற்று.

கணவரின் தூக்கமும் இந்தக் கணக்கில் சேரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க வைத்தபோது, அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் அளவு 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்ததாக 2011இல் பதிவாகியிருக்கிறது. ஆகவே இது மனைவியின் தனிப்பட்ட பலவீனம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, இந்த வீட்டில் யார் எவ்வளவு தூங்குகிறோம் என்று இருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

பேசும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். படுக்கையில், மறுப்புக்கு அடுத்த நிமிடத்தில், இந்தப் பேச்சைத் தொடங்கினால் அது வழக்காக மாறிவிடும். பகலில், இருவரும் பசியின்றி இருக்கும் வேளையில், “உங்களை விலக்க வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை, இரவு பத்து மணிக்குமேல் எனக்கு உடலில் எதுவும் மிச்சம் இருப்பதில்லை. எனக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க வழி செய்தால் நம் இருவருக்கும் நல்லது” என்று தேவையை நேராகச் சொல்லிப் பாருங்கள்.

கணவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது, அதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். பிள்ளைகள் உள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், வீட்டு வேலையின் பெரும்பகுதியைத் தாங்கள் மட்டுமே சுமப்பதாகச் சொன்ன பெண்களுக்குத் துணைவர்மீது பாலியல் விருப்பம் குறைவாக இருந்தது. அந்தப் பங்கீடு நியாயமற்றது என்ற உணர்வும், துணைவரைத் தான் பராமரிக்க வேண்டிய இன்னொரு பிள்ளையாகக் காணும் நிலையும் அதற்கு வழிவகுத்தன. பாத்திரம் துலக்குவதையும் குழந்தையைத் தூங்கவைப்பதையும் உறவுக்கான விலையாக எண்ணி ஒருநாள் மட்டும் செய்தால் அது உடனே தெரிந்துவிடும். அவள் நினைவூட்டத் தேவையில்லாதபடி ஒரு பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொள்வதுதான் அவள் மனத்திலிருந்து ஒரு பாரத்தை உண்மையாக இறக்கும்.

உறவு கொண்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. உச்சகட்டத்தை அடைந்த பிறகு எளிதில் தூங்கியதாகப் பல ஆண்களும் பெண்களும் தெரிவித்திருக்கிறார்கள். அப்போது வெளிப்படும் ஆக்ஸிடோசின், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களுக்கு இதில் பங்கு இருக்கலாம். ஆனால் வலியோடும் விருப்பமின்றியும் நிகழும் உறவுக்கு இந்தப் பயன் இல்லை. கணவர் தூங்கிய பிறகு மனைவி இருட்டில் விழித்துக் கிடப்பதே அதன் விளைவாக இருக்கும். உறவைத் தூக்க மாத்திரையாகப் பரிந்துரைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தை பிறந்து மாதங்கள் ஆகியும் ஆசையே இல்லை. இது இயல்பா?

மிகவும் இயல்பு. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் புரோலாக்டின் உயர்ந்தும் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தும் இருப்பதால், யோனி வறண்டு, உறவு வலி தருவதாக மாறலாம், ஆசையும் மங்கலாம். தையல் போட்ட இடத்தின் வலி, மாறிவிட்ட உடலைப் பற்றிய கூச்சம், பகல் முழுவதும் குழந்தை உடலைப் பற்றிக்கொண்டே இருப்பதால் இரவில் வேறு யாரும் தொட வேண்டாம் என்று தோன்றும் அலுப்பு ஆகியவையும் இதோடு சேர்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடையும் தூக்கம்.

ஆறு வாரங்களில் நடக்கும் பரிசோதனையை உறவைத் தொடங்க வேண்டிய நாளாகக் கருதுவது பரவலான தவறு. காயங்கள் ஆறியிருக்கின்றனவா என்று மருத்துவர் பார்க்கும் நாள் அது. மனமும் உடலும் எப்போது தயாராகும் என்பதை அந்தப் பெண்தான் அறிவாள். சிலருக்கு இரண்டு மாதம், சிலருக்கு ஓர் ஆண்டு. இந்தக் காலத்தில் கணவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அவளுக்குத் தொடர்ச்சியான நான்கைந்து மணி நேரத் தூக்கத்தைப் பெற்றுத் தருவது. கறந்து வைத்த பாலை ஒரு வேளை அவர் புகட்டலாம்; பால் கொடுத்து முடித்தவுடன் குழந்தையை வாங்கிக்கொண்டு, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றித் தூங்கவைக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு செய்திகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்படக்கூடும் என்பதால், உறவைத் தொடங்கும்போது கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. குழந்தை தூங்கும்போதுகூடத் தாயால் தூங்க முடியாமலிருப்பதும், சோகமும் பதற்றமும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடிப்பதும் மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். இது சிகிச்சையால் குணமாகும் நோய். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தால், அன்றைக்கே மருத்துவ உதவி பெற வேண்டும், அவளைத் தனியே விடக் கூடாது.

மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கமும் போயிற்று, நாட்டமும் போயிற்று. இனி அவ்வளவுதானா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, இரவில் திடீரென உடல் கொதித்து வியர்த்துக் கொட்டுவதால் தூக்கம் கலைவது தொடங்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனித் திசு மெலிந்து வறண்டு, உறவின்போது எரிச்சலும் வலியும் உண்டாகலாம். சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரலாம். உடல் கொதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலும் தணியும். ஆனால் வறட்சி சிகிச்சையின்றித் தானாகச் சரியாவது அரிது, பெரும்பாலும் கூடவே செய்யும். இதை அறியாமல் “வயதானால் இப்படித்தான்” என்று பத்து ஆண்டுகள் வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களை நினைக்கும்போது மனம் வலிக்கிறது, ஏனென்றால் இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

ஈரப்பதம் தரும் ஜெல்லை வாரத்தில் சில நாட்கள் பயன்படுத்துவதும், உறவின்போது லூப்ரிகண்ட் பயன்படுத்துவதும் முதல் படி. அது போதாவிட்டால், யோனியில் மட்டும் குறைந்த அளவில் இடும் ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ மருத்துவர் பரிந்துரைக்கலாம்; மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. உடல் கொதிப்பினால் தூக்கம் கெடுகிறதென்றால், ஹார்மோன் சிகிச்சையும் ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பது அவரவர் உடல்நல வரலாற்றைப் பொறுத்தது.

எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்பு தீரவில்லை. வேறு என்ன காரணம் இருக்கலாம்?

குறட்டையும், தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதும் ஆண்களுக்கு மட்டும் உரியவை என்ற எண்ணத்தால், பெண்களிடம் இந்த நோய் பெரிதும் கவனிக்கப்படாமல் போகிறது. பெண்களுக்கு உரத்த குறட்டை இல்லாமல், காலைத் தலைவலி, சோர்வு, மனநிலைத் தளர்ச்சி, இரவில் அடிக்கடி விழிப்பு என்ற வடிவிலும் அது வெளிப்படலாம். மாதவிடாய் நின்ற பிறகு அதன் வாய்ப்பும் கூடுகிறது. படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் தொல்லை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையதாக இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு ஆகியவையும் களைப்பையும் நாட்டக் குறைவையும் ஒருசேரக் கொண்டுவரும். இவை பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளால் நாட்டம் குறையுமா?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் சிலருக்கு நாட்டத்தைக் குறைக்கலாம், உச்சகட்டத்தைத் தாமதப்படுத்தலாம். மனச்சோர்வே நாட்டத்தைக் குறைக்கும் என்பதால், எது மருந்தின் விளைவு, எது நோயின் விளைவு என்று பிரித்தறிய மருத்துவரின் உதவி வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்திவிடுவது ஆபத்தானது. அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். தூக்க மாத்திரைகளைப் பொறுத்தவரை, நீண்டகாலம் எடுத்தால் அவற்றில் சில பழக்கமாகிவிடும் என்பதால் மருத்துவர் சொன்ன அளவையும் காலத்தையும் மீறக் கூடாது.

தூக்கத்தைச் சரிசெய்ய மாத்திரை இல்லாமல் வழி உண்டா?

உண்டு. வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாகத் தூக்கம் வராமல் இருந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். இதற்கு முதல் சிகிச்சையாக மாத்திரையைச் சொல்லாமல், சி.பி.டி.-ஐ எனப்படும் நடத்தைச் சிகிச்சையையே அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. தூக்கம் வந்த பிறகே படுப்பது, வராவிட்டால் எழுந்து மங்கிய ஒளியில் அமர்ந்திருந்து மீண்டும் தூக்கம் வரும்போது படுப்பது, விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுவது, “இன்று தூங்காவிட்டால் நாளை எல்லாம் பாழ்” என்பது போன்ற எண்ணங்களை ஆராய்ந்து தளர்த்துவது ஆகியவை அதன் கூறுகள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலைக் காபி இரவுவரை உடலில் நிற்கிறது.

இந்தச் சிகிச்சையில் படுக்கை என்பது தூக்கத்துக்கும் தாம்பத்திய உறவுக்கும் மட்டுமே உரியது என்று ஒரு விதி உண்டு. அலுவலக மின்னஞ்சலும் கணக்கு வழக்கும் வாக்குவாதமும் படுக்கையை விட்டு வெளியேறினால், தூக்கமும் நெருக்கமும் சேர்ந்தே பயன்பெறும்.

தூக்கத்துக்காகத் தனித்தனியே படுத்தால் உறவு விலகிவிடாதா?

கோபத்தில் விலகிப் படுப்பது வேறு, குறட்டையாலோ இரவுப் பணியாலோ இருவரும் பேசி முடிவெடுத்துத் தனியே படுப்பது வேறு. பின்னதில் தவறில்லை. தூங்கப் போகும் முன் சற்று நேரம் ஒன்றாகப் படுத்திருப்பதும், விடுமுறைக் காலையில் சேர்ந்திருப்பதும் நெருக்கத்தைக் காக்கும். பலருக்கு இரவின் கடைசி மணி நேரத்தைவிட, நன்கு தூங்கி எழுந்த காலையே உறவுக்கு ஏற்ற வேளையாக இருக்கிறது. உறவுக்கான நாளை முன்கூட்டியே பேசி வைப்பது இயல்பான அன்பைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். இருவரும் களைத்திருக்கும் வீட்டில் திட்டமிடாமல் விடுவது பெரும்பாலும் நடக்காமல் போவதற்கே வழி.

குழந்தைக்காக முயல்கிறோம். நாள் குறித்து உறவு கொள்வதே பெரும் அழுத்தமாகிவிட்டது. என்ன செய்வது?

கருமுட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் கருத்தரிப்புக்கு உகந்தவை. இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை உறவு இருந்தாலே அந்தக் காலம் தவறாது. ஒவ்வொரு மாதமும் ஒரே ஓர் இரவைத் தேர்வு நாளாக்கிக்கொள்ளத் தேவையில்லை. நாள்காட்டியை ஒரு மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு, கருத்தரிப்பின் நினைவின்றி நெருங்கியிருப்பதும் தவறாகாது. 35 வயதுக்குட்பட்டவர்கள் ஓர் ஆண்டும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதங்களும் முயன்ற பிறகு, இருவருமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் எப்படித் தொடங்குவது?

உடலுறவை இலக்காக வைக்காமல் தொடங்குவது நல்லது. மாஸ்டர்ஸ், ஜான்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு பயிற்சியில், முதல் சில வாரங்களுக்கு உடலுறவு கூடாது என்று தம்பதியர் முன்பே ஒப்புக்கொள்கிறார்கள். முதலில் மார்பகத்தையும் பிறப்புறுப்பையும் தவிர்த்து, ஒருவர் மற்றவரை மெதுவாகத் தொடுவதும், தொடப்படுபவர் அந்த உணர்வில் மட்டும் கவனம் வைப்பதுமே வேலை. அடுத்தது என்ன ஆகுமோ என்ற எதிர்பார்ப்பு நீங்கியவுடன், பல பெண்களுக்குத் தொடுகையின் இன்பம் திரும்புகிறது. தழுவலும் முத்தமும் எப்போதும் உடலுறவில்தான் முடியும் என்று ஆகிவிட்ட வீட்டில், களைத்த பெண் தழுவலையும் தவிர்க்கத் தொடங்கிவிடுகிறாள்; இந்தப் பயிற்சி அந்த அச்சத்தைப் போக்குகிறது.

உறவின்போது வலிக்கிறது, அழுத்தம் காரணமா?

அழுத்தம் இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி வலியைக் கூட்டலாம். தொற்று, கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், வறட்சி, தசைகள் தாமாக இறுகும் வெஜினிஸ்மஸ் ஆகியவையும் காரணமாகலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தால், மூளை அடுத்த முறையும் வலியையே எதிர்பார்த்து உடலை மேலும் இறுக்கும். நிறுத்திவிட்டு, மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இடுப்புத் தசைப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபி பலருக்கு நல்ல பலன் தருகிறது.

விருப்பமில்லை என்றாலும் கணவர் வற்புறுத்துகிறார். இதுவும் தாம்பத்தியச் சிக்கல்தானா?

இல்லை, இது வன்முறை. திருமணம் ஒவ்வொரு இரவுக்குமான ஒப்புதல் ஆகாது. அச்சத்தோடு படுக்கும் பெண்ணுக்குத் தூக்கமும் வராது, நாட்டமும் எழாது. அங்கே குறைபாடு அவளிடம் இல்லை. இந்த நிலையில் தூக்கப் பயிற்சிகளையும் தொடுகைப் பயிற்சிகளையும் முயல வேண்டாம். நம்பகமான ஒருவரிடமோ, மருத்துவரிடமோ, பெண்களுக்கான உதவி எண்ணிலோ தனிமையில் பேசுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? என்ன சொல்ல வேண்டும்?

நாட்டமோ கிளர்ச்சியோ குறைந்து ஆறு மாதங்கள் அளவுக்கு நீடித்து, அது உங்களை வருத்துகிறது என்றால் பார்க்கலாம். வருத்தவில்லை என்றால், பிறர் உறவு கொள்ளும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு நோய் என்று பெயர் சூட்டத் தேவையில்லை. உறவுக்குப் பின் இரத்தக்கசிவு, மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து வரும் இரத்தப்போக்கு, தொடரும் வலி ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது.

செல்வதற்கு முன் இரண்டு வாரங்கள், படுத்த நேரம், விழித்த நேரம், இடையில் எழுந்த முறைகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். எடுக்கும் மருந்துகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். “எனக்குச் சரியான தூக்கம் இல்லை, அதோடு தாம்பத்திய உறவில் நாட்டமும் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்ற வாக்கியங்கள் தொடங்கப் போதும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு, சர்க்கரை ஆகிய பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். கணவர் உடன் வருவது நல்லது. ஆனால் சில நிமிடங்களாவது மருத்துவரிடம் தனியே பேசும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் சொல்வதைக் கேளாமல் “எல்லாம் மனப்பிரமை” என்று ஒருவர் அனுப்பிவிட்டால், அதே தாளை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் செல்லுங்கள்.